குறட்டை: நோயான தூக்கமும் குற்றமான தூக்கமும்

1

நான் தூக்கத்தில் செத்துச் செத்துப் பிழைக்கிறேன் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, எங்கள் பள்ளியின் இரவுக் காவலர். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில், மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளியொன்றில் வரலாறு நடத்துகிறேன். மனைவிக்குப் போளூரில் வேலை. வாரத்தில் ஐந்து ராத்திரி எனக்கு விடுதித் தாழ்வாரத்தில்தான் படுக்கை. 2022 ஏப்ரலில் கரண்ட் போன ஒரு ராத்திரிக்கு மறுநாள் காலை, டீ கிளாஸை நீட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

“சார், நீங்க கொறட்ட விடுறது பரவால்ல. திடீர்னு நின்னு போவுது. நானும் எண்ணிப் பாக்குறேன், இருவது, முப்பது... மூச்சே காணோம். அப்புறம் தண்ணியில முங்கினவன் மேல வர்ற மாதிரி ஒரு இழுப்பு. ராத்திரி பூரா இதே கதைதான். செத்துச் செத்துப் பொழைக்கிறீங்க சார்.”

சிரித்துவிட்டேன். அப்போது என் எடை 131 கிலோ. பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் கும்பகர்ணன். மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை நாற்காலியில் சாய்ந்தால் மணி அடிப்பதுகூடக் கேட்காது. அதை எல்லாரும் குணமாகவே எடுத்துக்கொண்டார்கள், நான் உட்பட.

அதே ஆண்டு எடைக்குறைப்பு அறுவை செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். சர்க்கரை ஏறியிருந்தது, முழங்கால் போயிருந்தது. முதலில் போன மருத்துவமனையில் ‘பேக்கேஜ்’ சொன்னார்கள். அறை வாடகை, அறுவை, மூன்று நாள் தங்கல், உணவு ஆலோசகர், எல்லாம் சேர்த்து ஒரே தொகை. அடுத்த வாரமே தேதி. தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டாவதாகப் போன இடத்தில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், ஓர் அம்மா, என் கழுத்தை டேப்பால் அளந்துவிட்டுக் கேட்டார்: “ராத்திரி உங்க மூச்சு நின்னு போறதை யாராவது பார்த்திருக்காங்களா?”

“எங்க ஸ்கூல் வாட்ச்மேன் பார்த்திருக்கார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். “முதல்ல ஸ்லீப் ஸ்டடி. அறுவையெல்லாம் அப்புறம்.”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாற்றைப் பற்றியது. ஒருவருடைய தூக்கத்தை யார் பார்க்கிறார்கள், பார்த்ததை எந்தப் பெயரில் எழுதிக்கொள்கிறார்கள் என்கிற வரலாறு.

2

குறட்டைக்கு மிக நீண்ட காலம் நகைச்சுவையில் மட்டுமே இடம் இருந்தது. நம் மரபில் கும்பகர்ணன். அரசனின் தம்பி, மாவீரன், அண்ணனின் தவறு தெரிந்தும் அவனுக்காகச் செத்தவன். ஆனால் தெருவில் அவன் பெயர் தூங்குமூஞ்சிக்கான வசைச்சொல்லாக மட்டும் மிஞ்சியது. சினிமாவிலும் குண்டு உடம்புக்காரர் எந்தக் காட்சியிலும் தூங்கி விழலாம், குறட்டை விடலாம், கொட்டகை சிரிக்கும். பருத்த உடலும் தூக்கமும் சோம்பலும் ஒன்றையொன்று விளக்கிக்கொள்ளும் ஒரு சொல்லாடல் இது. பருத்திருக்கிறான், ஏனென்றால் சோம்பேறி. சோம்பேறி, ஏனென்றால் தூங்குகிறான். ஏன் தூங்குகிறான் என்று கேட்கவே வேண்டாம், அதுதான் பருத்திருக்கிறானே! இந்த வட்டத்துக்குள் உடல் ஒரு சாட்சியாக நிற்கிறது, தன் உரிமையாளருக்கு எதிராக.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1836-37இல் தொடராக வந்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருகிறான். நின்றபடியே தூங்குவான், சாப்பாடு பரிமாறும்போதே குறட்டை விடுவான். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜோ ஒரு வேலைக்காரப் பையன். அவன் தூங்குவது எஜமானருக்குத் தொல்லை, வாசகருக்கு வேடிக்கை.

நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1956இல், பர்வெல் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவர் வணிக நிர்வாகி, பருத்த உடல், சீட்டாடுபவர். ஒரு நாள் போக்கர் ஆட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கையில் வந்திருக்கின்றன. ஜெயிக்க வேண்டிய கை. அப்படியே தூங்கிவிட்டார், ஆட்டம் போயிற்று. சில நாட்களில் மருத்துவமனையில் சேர்ந்தார். இவ்வளவு நல்ல சீட்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தூங்கினால் அது சோம்பலாக இருக்க முடியாது என்று டாக்டர்களுக்குத் தோன்றியது! இந்த நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிக்விக்கியன் சிண்ட்ரோம்’.

வேலைக்காரப் பையன் தூங்கினால் நகைச்சுவை, நிர்வாகி தூங்கினால் நோய். அதோடு நிற்கவில்லை. நோய்க்குப் பெயர் வைக்கும்போது ஜோவின் தூக்கத்தை எடுத்துக்கொண்டார்கள், பெயரை மட்டும் கனவான் பிக்விக்கிடமிருந்து எடுத்தார்கள். அந்த நாவலில் பிக்விக் அப்படித் தூங்குகிறவரே இல்லை. நோய் வந்தவன் ஒருவன், பெயர் பெற்றவர் இன்னொருவர். இந்தச் சின்ன இடமாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நம் மலையிலேயே இதைச் சந்திக்கப்போகிறோம்.

3

1956இன் விளக்கத்தில் ஒரு குறை இருந்தது. பகலில் வரும் தூக்கத்துக்குக் காரணத்தைப் பகலிலேயே தேடினார்கள். உடல் பருமனால் நுரையீரல் போதிய அளவு விரியவில்லை, ரத்தத்தில் கரியமில வாயு சேர்கிறது என்றார்கள். அது பாதி உண்மை. ராத்திரி என்ன நடக்கிறது என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. 1965இல்தான் பிரான்சில் காஸ்டோ குழுவும் ஜெர்மனியில் யுங், கூலோ என்ற இருவரும் தனித்தனியாக, தூங்கும் நோயாளிகளின் மூச்சைப் பதிவு செய்து பார்த்தார்கள். மூச்சு நூற்றுக்கணக்கான தடவை நின்று நின்று வருவது தாளில் கோடாக விழுந்தது. 1976இல் ஸ்டான்ஃபோர்டில் கில்லெமினோவும் டெமெண்டும் இதை ‘ஸ்லீப் ஆப்னியா’ என்ற பெயரின் கீழ்க் கொண்டுவந்தார்கள். தூக்க மூச்சுத் தடை என்று நாம் சொல்லலாம்.

நடப்பது இதுதான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன, நாக்கு பின்னால் சரிகிறது, மூச்சுக்குழல் வழி அடைபடுகிறது. நெஞ்சும் வயிறும் காற்றை இழுக்கப் போராடும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை அபாயத்தை உணர்ந்து ஒரு சில நொடி விழித்து, தசைகளை இறுக்கி, வழியைத் திறக்கும். தூங்குபவருக்கு இந்த விழிப்பு நினைவில் இருக்காது. பத்து வினாடிக்கு மேல் மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. முழுத் தடைகளையும் அரைகுறைத் தடைகளையும் கூட்டி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று பார்ப்பார்கள். ஐந்துக்கு மேல் லேசு, பதினைந்துக்கு மேல் நடுத்தரம், முப்பதுக்கு மேல் கடுமை.

ஆரம்பத்தில் இதற்கு இருந்த ஒரே வைத்தியம் தொண்டையில் ஓட்டை போடுவது. 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன், வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் போட்டு, மூக்குக் கவசம் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே செலுத்திப் பார்த்தார். அடைப்பு திறந்தே இருந்தது, நோயாளி அசையாமல் தூங்கினார். அடுத்த ஆண்டு அது கட்டுரையாக வந்தது. இன்று ‘சீபேப்’ என்று விற்கும் கருவியின் தொடக்கம் அந்தக் குப்பை உறிஞ்சி மோட்டார்.

என் பரிசோதனை ராத்திரியைச் சொல்கிறேன். தலையில் ஒயர்கள், கண்ணோரத்தில் ஒயர்கள், மூக்கில் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் மீட்டர், காலிலும் ஒயர். அடுத்த அறையில் ஓர் இளைஞர் திரையைப் பார்த்தபடி விடிய விடிய விழித்திருந்தார். காலையில் தாளைக் காட்டினார். மணிக்கு 58 தடை. ஆறு மணி நேரத் தூக்கத்தில் சுமார் 350 தடவை. மிக நீண்டது 74 வினாடி. ஆக்சிஜன் 66 வரை இறங்கியிருந்தது.

அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்குக் காவலூர் ஞாபகம் வந்தது. எங்கள் மலையின் இன்னொரு பக்கம், 1968 முதல் வானத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஆய்வகம் அங்கே இருக்கிறது. வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்து போனபோது, காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அந்த ஒளியைப் பதிவு செய்தார்கள். கோள் நட்சத்திரத்தை மறைப்பதற்கு முன்னாலேயே ஒளி சில நொடி சரிந்து மீண்டது. அங்கிருந்தவர்கள் முதலில் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று வாசித்தார்கள். வேறு இடங்களின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்த பிறகே, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்பது உறுதியானது. சில நொடிச் சரிவு ஒன்று காகிதத்தில் இருக்கிறது. அது என்ன என்பதைச் சரிவு தானாகச் சொல்லாது. யார், எங்கிருந்து, எதோடு சேர்த்து வாசிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. என் மூச்சின் சரிவுகளைப் பிள்ளைகள் நகைச்சுவையாக வாசித்தார்கள், முதல் மருத்துவமனை வாசிக்கவே இல்லை, மயக்க மருந்து டாக்டர் அபாயமாக வாசித்தார்.

4

ஏன் அபாயம்? இங்கேதான் எடைக்குறைப்பு அறுவையின் வரலாறு குறட்டையின் வரலாற்றோடு முட்டுகிறது.

எடையைக் குறைக்கக் குடலை வெட்டி இணைக்கும் அறுவைகள் 1950களில் அமெரிக்காவில் தொடங்கின. 1960களின் நடுவில் அயோவாவில் எட்வர்ட் மேசன் இரைப்பையின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் அறுவையைக் கொண்டுவந்தார். 1991இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய குழு ஓர் எல்லைக்கோடு போட்டது. உடல் நிறைக் குறியீடு 40, அல்லது எடையால் வந்த கடும் நோய்கள் இருந்தால் 35. இந்தக் குறியீட்டுக்கும் ஒரு கதை உண்டு. பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் கெட்லே 1830களில் ‘சராசரி மனிதனை’த் தேடிப் போட்ட கணக்கு அது. தனி ஆளின் நோயை அளக்க அவர் அதை உருவாக்கவில்லை. 1972இல் ஆன்செல் கீஸ் அதற்குப் புதுப் பெயர் சூட்டினார். ஐரோப்பிய உடல்களை வைத்துப் போட்ட எல்லைகள் ஆசிய உடல்களுக்குப் பொருந்தாது, நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருகின்றன என்பது பிறகு தெரிந்தது. 2022இல் சர்வதேச அறுவைச் சங்கங்கள் ஆசியர்களுக்கான எல்லையை 27.5 வரை இறக்கின. இதில் அறிவியல் இருக்கிறது. சந்தையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் ஒன்று கண்ணை மூடி நம்புகிறார்கள், அல்லது கண்ணை மூடி எதிர்க்கிறார்கள்.

அறுவைக்கு வருகிற பருத்த உடலினரில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தூக்க மூச்சுத் தடை இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பது தெரியாது. எல்லா ராத்திரியும் இவர்களைக் காப்பாற்றுவது எது? அந்தச் சில நொடி விழிப்பு. மயக்க மருந்தும், அறுவைக்குப் பின் கொடுக்கும் மார்ஃபின் வகை வலி நிவாரணிகளும் அந்த விழிப்பைத்தான் மழுக்குகின்றன. தசை இன்னும் தளரும், மூளை அபாய மணி அடிக்காது. பருத்த கழுத்தில் குழாய் செலுத்துவதும் சிரமம். அறுவை நன்றாக முடிந்து, உறவினர்கள் கும்பிட்டுவிட்டு வெளியே போனபின், வார்டில் மல்லாக்கப் படுத்திருக்கும் முதல் ராத்திரிதான் பயங்கரம். முன்கூட்டியே தெரிந்தால் மருந்தின் வகையையும் அளவையும் மாற்றலாம், கருவியை வார்டுக்குக் கொண்டுவரச் சொல்லலாம், ஆக்சிஜனை ராத்திரி முழுக்கக் கவனிக்கலாம். எனக்கு ஆறு வாரம் சீபேப் போட்டுத் தூங்கச் சொல்லி, அறுவையைத் தள்ளி வைத்தார்கள்.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர் மருத்துவமனையொன்றில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்தார், அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்த மரணத்துக்கும் குறட்டைக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த வாரம் எனக்கு அந்த முதல் மருத்துவமனையின் ‘அடுத்த வாரமே தேதி’ நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. பேக்கேஜில் எதையெல்லாம் சேர்த்தார்கள் என்பதைவிட, தேதி தள்ளிப்போகும் என்பதற்காக எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதே கேள்வி.

5

இந்த இடத்தில் நம் வட்டாரத்து நண்பர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. ஃபூக்கோவின் ‘மருத்துவமனையின் பிறப்பு’ 1963இல் வந்தது, இவான் இல்லிச்சின் மருத்துவ விமர்சனம் 1975இல். இரண்டையும் நாமெல்லாம் பேசித் தீர்த்திருக்கிறோம். மருத்துவ நோக்கு உடலைப் பொருளாக்குகிறது, இயல்பானது-பிறழ்ந்தது என்று பிரிக்கிறது, வாழ்க்கையின் ஒவ்வொரு மூலையையும் நோயாக்குகிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். பரிசோதனைக்குப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் சொன்னார்: “தூக்கத்தையும் விட்டு வைக்கலையா? படுக்கையறை வரைக்கும் வந்துட்டானா?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரையே எடுத்துக்கொள்வோம். 1974இல் ஜப்பானில் தக்குவோ அயோயாகி கண்டுபிடித்த கொள்கை அது. தோலினூடே ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் நிறத்தைப் படிக்கிறது. கறுத்த தோலில் இது ஆக்சிஜனை உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும் என்பது 1990இலேயே எழுதப்பட்டது, யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வொன்று, கருவி கண்டுகொள்ளாமல் விடும் ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. நம் விரல்கள் என்ன நிறம்? பெண்கள் விஷயத்திலும் இதே போலத்தான். முதல் விவரிப்புகள் ஆண்களை வைத்தே எழுதப்பட்டதால், பலத்த குறட்டை நோயின் அடையாளம் ஆயிற்று. அயர்ச்சி, தூக்கமின்மை, தலைவலி என்று வரும் பெண்களிடம் ‘டென்ஷன்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். 1993இல் வந்த விஸ்கான்சின் ஆய்வு, நடுவயதுப் பெண்களில் 9 சதவீதத்தினருக்கு மணிக்கு ஐந்து தடைக்கு மேல் இருப்பதைக் காட்டியது. ஆண்களில் 24. அதுவரை இது பெண்களுக்கு அபூர்வம் என்றே நினைத்திருந்தார்கள்.

ஆக, கருவி நடுநிலையானதில்லை. ஆனால் இதிலிருந்து ‘கருவியே வேண்டாம்’ என்று போவது சுலபமான தீவிரம். கறுத்த விரலைச் சரியாகப் படிக்கும் கருவி வேண்டும், பெண்ணிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதுதான் கோரிக்கையாக இருக்க முடியும். எங்கள் மலையிலேயே, வேலூர் மாவட்டத்து அல்லேரியில், 2023 மே மாதம் பாம்பு கடித்த குழந்தை மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்தது. சாலை இல்லாததால், திரும்பும்போது சடலத்தைத் தாய் கையில் சுமந்து நடந்தாள். இங்கே யாரும் மருத்துவ அதிகாரத்தின் கீழ் நசுங்கவில்லை, அது எட்டாத தூரத்தில் கிடக்கிறார்கள். மிதமிஞ்சிய மருத்துவத்தை விமர்சிக்கும் மொழியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மலையேறினால் நம்மிடம் பேச ஒரு சொல் இருக்காது.

கண்காணிப்பு என்ற சொல்லை நாம் மிகத் தாராளமாகப் பயன்படுத்திவிட்டோம் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஒரு ரத்தக்கறை உண்டு. இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்களில் நம் சனங்களை வேலை வாங்கிய ‘கங்காணி’ அதிலிருந்து வந்தவன்தான். வேலை நடக்கிறதா என்று பார்ப்பது கண்காணிப்பு. உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது கவனிப்பு. இரண்டுக்கும் கண் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ஒற்றுமை. தாழ்வாரத்தில் இருபது, முப்பது என்று எண்ணிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்காணிக்கவில்லை.

6

இப்போது அவரைப் பற்றி. இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன், வெட்கமாக இருந்தது.

2019இல் ராத்திரி இரண்டு மணிக்கு ஓர் அதிகாரி திடீர்ச் சோதனைக்கு வந்தார். காவலர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். பணி நேரத்தில் உறங்கியமைக்கு விளக்கம் கோரி மெமோ வந்தது. தொகுப்பூதியக்காரர், எழுதப் படிக்கச் சிரமப்படுபவர். அவர் சார்பில் விளக்கக் கடிதம் எழுதியது நான்தான். ‘உடல் அசதியால் நேர்ந்துவிட்டது, இனி இவ்வாறு நடவாது, மன்னித்தருள வேண்டுகிறேன்.’ எழுதிக் கொடுத்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய், வழக்கம்போல நாற்காலியில் தூங்கினேன். எனக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை.

அறுவை 2022 கடைசியில் முடிந்தது. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கினார்கள். 2024 தொடக்கத்தில் எடை 92, மறுபரிசோதனையில் தடை மணிக்கு 13. பூஜ்யம் ஆகவில்லை, லேசு என்ற வகைக்கு வந்திருக்கிறது. எடை குறைந்தால் இந்நோய் போய்விடும் என்பதும் பாதி உண்மைதான், மறுபடி சோதிக்காமல் கருவியைத் தூக்கிப் போடக்கூடாது. இப்போது ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. 2024 டிசம்பரில் டிர்செபடைடு என்ற மருந்தை, பருமனோடு கூடிய தூக்க மூச்சுத் தடைக்கு அமெரிக்கா அனுமதித்தது. விலை நம்மூர்ச் சம்பளத்துக்கு எட்டுமா என்பது வேறு கதை.

என் தூக்கம் அமைதியான பிறகுதான் மற்றவர் தூக்கம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. காவலர் பகலில் விடுதிக்குப் பின்னால், புளியமர நிழலில் படுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனேன். குறட்டை. பிறகு மௌனம். நின்றேன். பதினைந்து, இருபது, இருபத்தெட்டு... பிறகு அந்த இழுப்பு, தண்ணீரில் முங்கியவன் மேலே வருவது போல.

அவர் எடை 52 கிலோ. ஒல்லி. இந்த நோய் பருத்தவர்களுக்கு மட்டும் வருவதில்லை. தாடை அமைப்பும் தொண்டையின் குறுகலும்கூடக் காரணம், ஆசியர்களிடம் ஒல்லியானவர்களுக்கும் இது வருகிறது. 2008இல் டொரொன்டோவில் பிரான்சிஸ் சங் என்ற மயக்க மருந்து டாக்டரின் குழு, அறுவைக்கு வருபவர்களைச் சலித்தெடுக்க எட்டுக் கேள்வி கொண்ட பட்டியல் ஒன்றைத் தந்தது. சத்தமான குறட்டை உண்டா, பகலில் அயர்ச்சி உண்டா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம் உண்டா, எடைக் குறியீடு 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்து 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. ஐந்துக்கு ‘ஆம்’ என்றால் அபாயம் அதிகம். ஒயர் வேண்டாம், மெஷின் வேண்டாம், காசு வேண்டாம். அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் அழுத்தம் பார்த்தேன். அதுவும் ஏறியிருந்தது. எட்டில் ஆறு. எடையும் கழுத்தும் இல்லாமலேயே ஆறு.

ஆனால் யார் அவரிடம் கேட்பார்கள்? இந்தக் கேள்விகள் அறுவை அரங்கின் வாசலில்தான் காத்திருக்கின்றன. கரைக்கக் கொழுப்பும் கட்டப் பணமும் இருப்பவன் அந்த வாசலுக்குப் போகிறான், தற்செயலாகத் தன் தூக்கத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறான். தேசிய குடும்பநல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் எடை மிகுந்தவர்கள். அறுவைக்குப் போகிறவர்கள் அதில் ஒரு துளி. மீதிப் பேர், லாரி ஓட்டுபவர்கள், செக்யூரிட்டிகள், ராத்திரி ஷிப்ட் பெண்கள், ஒல்லியானவர்கள், இவர்களுக்கெல்லாம் அந்தக் கேள்வியே இல்லை. ஜோவின் தூக்கம் பிக்விக்கின் பெயரில் பதிவாயிற்று. எங்கள் பள்ளியில் ஒரே நோய் எனக்கு மருத்துவ அறிக்கை, அவருக்கு மெமோ.

சமவெளிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று கூப்பிட்டேன். “அதுக்கு ராத்திரி தூங்கணுமாமே?” என்றார். ஆமாம் என்றேன். “என் ராத்திரியெல்லாம் வித்தாச்சு சார்.”

சென்ற ஆண்டு இரண்டாவது மெமோ வந்தது. இந்த முறையும் விளக்கம் எழுதும் வேலை எனக்கே வந்தது. ‘மன்னித்தருள’ என்று எழுதவில்லை. மூன்று பகல் அவர் சம்மதத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, செல்போன் கடிகாரத்தை வைத்து, மூச்சு நின்ற நேரங்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் வரிசையாக எழுதினேன். எட்டுக் கேள்விகளையும் பதில்களையும் சேர்த்தேன். தூங்கியது உண்மை, அதற்குக் காரணம் நோயாக இருக்கலாம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதிக்க ஒரு ராத்திரி சம்பளத்தோடு விடுப்புத் தர வேண்டும், அதுவரை நடவடிக்கை கூடாது என்று எழுதினோம். அவர் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக நானும் போட்டேன்.

சாட்சி எந்த அடிப்படையில் கையொப்பமிடுகிறார் என்று அலுவலகத்திலிருந்து என்னிடம் வாய்மொழியாகக் கேட்டார்கள். என் மூச்சு நின்றதைப் பார்த்துச் சொன்னவர் அவர், அவருடையதைப் பார்த்துச் சொல்கிறவன் நான் என்றேன். கோப்பு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. பள்ளிகளிலும் டிப்போக்களிலும் ஆலைகளிலும் தூங்கியதற்காக மெமோ வாங்கியவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் பக்கத்தில் ஒரு தரம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எண்ணியதை எழுதி வையுங்கள்.